பாபநாசம் அருவியைத் தீட்டிய சீமைச் சித்திரக்காரர்

ஆற்றங்கரையில் படம் பிடிப்பவர்கள், பக்கத்தில் நிற்கும் ஒரு மரத்தைப் படத்தின் ஓரத்தில் சேர்த்துக்கொள்வது வழக்கம். இந்த வித்தை காமிராவைவிடப் பழையது. அதைக் கைவரப் பெற்று, திருநெல்வேலிச் சீமையின் அழகை உலகுக்குக் காட்டியவர் தாமஸ் டேனியல்.

இவர் 1749-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை விடுதி நடத்தியவர். தாமஸ் முதலில் கோச்சு வண்டிகளுக்கு வர்ணம் பூசும் தொழில் பழகினார். 1773-ல் லண்டன் ராயல் அகாடமியின் பள்ளியில் சேர்ந்தார். கலை வந்தது, காசு வரவில்லை. ஆகவே, கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி பெற்று 1785-ல் கப்பல் ஏறினார். துணைக்கு வந்தவன் சகோதரர் மகன் வில்லியம். மீசை அரும்பாத சிறுவன்!

கல்கத்தாவிலும் வடநாட்டிலும் சில ஆண்டுகள் கழிந்தன. திப்பு சுல்தானுடன் நடந்த மூன்றாவது மைசூர் யுத்தம் 1792-ல் ஓய்ந்தது. அந்த ஆண்டே இருவரும் சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டார்கள். மதுரையைக் கண்டார்கள், பாபநாசம், களக்காடு, குற்றாலம் வரை வந்தார்கள்.

இருட்டுப் பெட்டி

அவர்களிடம் ஒரு விசித்திரப் பெட்டி இருந்தது. கண்ணாடி வில்லை வழியாக எதிரே உள்ள காட்சி அதற்குள் விழும். அதன் கோடுகளைப் பென்சிலால் தாளில் பதித்துக்கொள்ளலாம். 'காமிரா அப்ஸ்க்யூரா' என்று அதற்குப் பெயர்.

கோடு சரியாக விழுந்தால் மட்டும் சித்திரம் ஆகிவிடுமா? நீரும் வானும் வெளிச்சமாகப் பரந்து கிடந்தால், கண் எங்கும் நிலைக்காது. அருகே ஒரு மரத்தை நிழலாக நிறுத்தி, மேலே ஒரு கிளையை ஓடவிட்டால், பார்வை அந்த வாசல் வழியே உள்ளே நுழையும். நீர் பளிச்சிடும்; மலை தூரத்துக்குப் போகும். அதே மரத்தை நட்ட நடுவில் வைத்தால் காட்சியை மறைத்துவிடும். பதினேழாம் நூற்றாண்டில் குளோட் லொரேன் என்ற ஓவியர் பிரசித்தமாக்கிய இந்த முறையை டேனியல் நமது மண்ணுக்குக் கொண்டுவந்தார்.

144 சித்திரங்கள்

1794-ல் தாயகம் திரும்பியதும், செப்புத் தகடுகளில் செதுக்கி அச்சிடும் வேலை தொடங்கியது. 1795 முதல் 1808 வரை, 144 சித்திரங்கள் கொண்ட 'ஓரியண்டல் சீனரி' வெளிவந்தது. பாபநாசம் அருவியும், களக்காட்டுப் பக்கமிருந்து கண்ட மலைக்காட்சியும் அதில் இடம் பெற்றன. 1799-ல் ராயல் அகாடமி அவரை உறுப்பினராக்கியது.

அழகுக்காக அவர் உண்மையைக் கைவிட்டாரா? சுமார் 200 ஆண்டுகளுக்குப் பின், ஆன்டோனியோ மார்ட்டினெல்லி என்ற புகைப்படக்காரர் டேனியல் நின்ற இடங்களைத் தேடி இந்தியா முழுவதும் சுற்றினார். பல இடங்களை அடையாளம் காண அந்தச் சித்திரங்களே வழிகாட்டின!

மணமாகாத தாமஸ், வளர்த்து ஆளாக்கிய வில்லியமை 1837-ல் பறிகொடுத்தார். 1839-ல் பாரிஸில் புகைப்படக்கலை அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச்சில் தாமஸ் காலமானார்.

பாபநாசத்தில் 1940-களில் அணையும் மின்நிலையமும் வந்தன. ஆற்றின் போக்கு மாறிற்று. கட்டுப்படாத பொருநையின் வேகத்தைக் காண இன்று நமக்கு அவருடைய சித்திரம் இருக்கிறது. இன்றைய ஆற்றைப் படம் பிடிக்க நினைப்பவர்களுக்குக் கரையோர மருத மரங்கள் இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றி வைத்தால்தான் நாளைய படத்துக்கும் சட்டம் கிடைக்கும்.