எடித் சமர்ஸ்கில்: தாய்மாரின் நலனுக்காகத் தேர்தலில் தோற்ற வைத்தியர்

1935ஆம் ஆண்டு நடைபெற்ற பிரித்தானியப் பொதுத் தேர்தலில், இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள பரி என்ற நெசவாலை நகரில் தொழிற்கட்சியின் சார்பில் பெண் வைத்தியர் ஒருவர் போட்டியிட்டார். கத்தோலிக்க குருமார் சிலர் அவரிடம் ஓர் உறுதிமொழியைக் கோரினர். கருத்தடை பற்றி இனிமேல் எந்தப் பெண்ணுக்கும் ஆலோசனை வழங்குவதில்லை என்பதே அது. மறுத்தால் அச்சமூகத்தின் வாக்குகள் கிடைக்கமாட்டா என்பது தெரிந்திருந்தும் அவர் மறுத்தார். தேர்தலில் தோற்றார்.

அவர்தான் எடித் சமர்ஸ்கில். 1901ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு வைத்தியரின் மகளாகப் பிறந்த அவர், சிறுவயதிலேயே தந்தையுடன் நோயாளரின் வீடுகளுக்குச் சென்று வந்தவர். பெண்கள் வைத்தியம் கற்பதை ஆண்கள் பலர் விரும்பாத காலத்தில் சாரிங் குரொஸ் வைத்தியசாலையில் பயின்று, 1924இல் வைத்தியரானார். மரணச் சான்றிதழில் ஒப்பமிடும் தகுதி அவருக்கு இருந்தது. வாக்களிக்கும் உரிமை இருக்கவில்லை. அந்நாட்டில் முப்பது வயதை எட்டாத பெண்களுக்கு 1928 வரை அவ்வுரிமை மறுக்கப்பட்டிருந்தது. இலங்கைப் பெண்கள் அதற்கு மூன்றே ஆண்டுகளின் பின், 1931இல், வாக்களித்தனர் என்பதை இவ்விடத்தில் நாம் நினைவுகூரலாம்.

வைத்தியரானதும் அவர் பார்க்கச் சென்ற முதற் பிரசவம் ஓர் ஏழை வீட்டில் நிகழ்ந்தது. போசாக்கின்றி மெலிந்த தாய். அருகில் என்புருக்கி நோயால் கால் வளைந்த மூத்த குழந்தை. அன்றிரவே தாம் சோஷலிசவாதியாக மாறியதாகப் பிற்காலத்தில் அவர் எழுதினார். அக்காலப் பிரித்தானியாவில் ஆயிரம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ நான்கு தாய்மார் உயிரிழந்தனர். மேலும் ஒரு கர்ப்பம் உடல்நலத்துக்குக் கேடாகும் நிலையிலுள்ள மணமான பெண்களுக்குக் கருத்தடை ஆலோசனை வழங்கலாம் என 1930இல் சுகாதார அமைச்சு உள்ளூராட்சி மன்றங்களுக்கு அனுமதியளித்தது. அது அனுமதியேயன்றிக் கட்டளையன்று. மன்றங்கள் பல வாளாவிருந்தன. 1934இல் மிடில்செக்ஸ் மாகாண சபைக்குத் தெரிவான சமர்ஸ்கில், தாய்சேய் நலனையே தமது பணியாகக் கொண்டார்.

கருத்தடை குறித்து எமது வாசகர்களிடையே, அவரவர் சமயம், மார்க்கம் சார்ந்து வேறுபட்ட கருத்துகள் உண்டு என்பதை நாம் அறிவோம். ஆயினும் வைத்தியர் நோயாளிக்குக் கூறும் ஆலோசனையை வாக்குக்காக விலைபேச மறுத்த அவரது துணிவை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது.

1938இல் மேற்கு புல்ஹாம் இடைத்தேர்தலில் வென்று அவர் பாராளுமன்றம் புகுந்தார். பிரசவ வேதனையைத் தணிக்கும் வசதி ஏழைப் பெண்களுக்கு எட்டாதிருந்தது அவரது நெஞ்சை உறுத்தியது. லிவர்பூல் வைத்தியர் மின்னிட் 1933இல் உருவாக்கிய வாயுக் கருவியை மருத்துவமாதர் கையாள 1936இலேயே அங்கீகாரம் கிடைத்திருந்தது. ஆனால் கருவிகளும் போதா, பயிற்சி பெற்ற மாதரும் போதாது. பணம் படைத்தோர் வீட்டில் மயக்க மருந்துடன் வைத்தியர் நின்றார். தொழிலாளி வீட்டிலோ வேதனை பெண்ணின் விதியெனக் கொள்ளப்பட்டது. இவ்வநீதியைக் கண்டித்து 1941இல் அவர் ஒரு சிறுநூலே வெளியிட்டார்.

போருக்குப் பின் அமைந்த அட்லியின் அரசாங்கத்தில் உணவு அமைச்சின் பாராளுமன்றச் செயலாளராகவும், பின்னர் தேசிய காப்புறுதி அமைச்சராகவும் அவர் கடமையாற்றினார். பாலினூடாகக் காசநோய் பரவுவதைத் தடுக்கும் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறைவேற்றுவித்தமை அவருக்குப் பெருமை சேர்த்தது. 1961இல் பிரபுக்கள் சபை உறுப்பினரானார். வீட்டுச் செலவுப் பணத்தில் மிச்சம் பிடித்ததில் மனைவிக்கும் அரைப்பங்கு உரித்தாக்கிய 1964ஆம் ஆண்டுச் சட்டமும் அவரது முயற்சியே.

பரி நகரில் அவர் விட்டுக்கொடுக்க மறுத்த அந்த ஆலோசனையை, மணமானவர், மணமாகாதவர் என்ற பேதமின்றி வழங்க உள்ளூராட்சி மன்றங்களுக்கு 1967இல் சட்டம் இடமளித்தது. 1974 முதல் தேசிய சுகாதார சேவை அதனை இலவசமாக்கியது. அதனைக் கண்டபின், 1980 பெப்ரவரி 4ஆம் திகதி அவர் காலமானார். திருமணத்தின் பின்னும் அவர் துறக்காத சமர்ஸ்கில் என்ற பெயரையே தமதாக்கிக்கொண்ட மகள் ஷெர்லி, தாமும் ஒரு வைத்தியராய், அப்போது ஹலிபெக்ஸ் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார்.