கைமாறியும் குலையாத வியாபாரம்
ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் வரலாறு

தகப்பனார் சேர்த்த வியாபாரத்தைப் பிள்ளைகள் காப்பாற்றுவார்களா என்ற கவலை, கடை வைத்து நடத்தும் எவருக்கும் உண்டு. ஒரு காலத்தில் பேர் சொல்லி நின்ற கிட்டங்கிகளின் பலகை, முதலாளி மௌத்தான சில வருஷங்களுக்குள் இறங்கிவிட்டதை நம்மில் பெரியவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே, 150 வருஷங்களுக்கு மேலாகக் கைமாறிக் கைமாறி வந்தும் நிலைகுலையாத ஒரு வியாபார வீட்டை ஸ்தாபித்தவரான ஜாம்ஷெட்ஜி நஸர்வான்ஜி டாட்டாவின் வரலாற்றை வாசகர்களுக்குச் சொல்ல முற்படுகிறோம்.

ஜாம்ஷெட்ஜி 1839-ம் ஆண்டு மார்ச் மாதம் 3-ந் தேதி, குஜராத்திலுள்ள நவசாரி என்னும் ஊரில் பார்சிக் குருமார் குடும்பத்தில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாக வைதிகத் தொழிலே செய்துவந்த அந்தக் குடும்பத்தில், முதன்முதல் வியாபாரத்தில் இறங்கியவர் அவருடைய தந்தை நஸர்வான்ஜிதான். ஊரை விட்டுப் பம்பாய்க்குப் போய்க் கடை போட்ட நஸர்வான்ஜி, மகனைப் பதினாலாவது வயதில் தம்மிடம் வரவழைத்துக்கொண்டார். ஆனால் வந்தவுடன் கல்லாவில் உட்கார்த்திவிடவில்லை. எல்பின்ஸ்டன் கல்லூரியில் படிக்கவைத்து, படிப்பு முடிந்த பிறகு 1858-ல்தான் கடையில் சேர்த்தார். மறு வருஷமே ஹாங்காங்குக்குக் கப்பலேற்றிவிட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபது. பஞ்சும் அபினியும் இங்கிருந்து போயின. தேயிலை, பட்டு, கற்பூரம் முதலியன அங்கிருந்து வந்தன. அபினி வியாபாரம் அக்காலத்தில் பம்பாய்ப் பெரிய வீடுகள் பலவற்றுக்கும் பழக்கமானதே. அதை மறைத்து எழுதுவதற்கில்லை.

அடுத்து வந்தது ஒரு பெரிய சோதனை. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு நின்றுபோகவே, இந்தியப் பஞ்சின் விலை ஆகாயத்துக்கு ஏறியது. பம்பாயில் பணம் புரண்டது. தெருவுக்கு ஒரு பாங்கும் பேருக்கு ஒரு கம்பெனியுமாக முளைத்தன. நஸர்வான்ஜியும் அந்த வெள்ளத்தில் இறங்கினார். லண்டனில் ஓர் இந்திய பாங்கு திறக்கும் எண்ணத்துடன் பங்குப் பத்திரங்களையும் உண்டியல்களையும் மகன் கையில் கொடுத்துச் சீமைக்கு அனுப்பினார். 1865-ல் யுத்தம் முடிந்தது. பஞ்சு விலை சரிந்தது. ஜாம்ஷெட்ஜியின் பெட்டியில் இருந்த பத்திரங்கள் வெறுங் காகிதமாயின.

அந்நிய ஊரில், இருபத்தாறு வயதில், கடன்காரர் முன்னால் நிற்கவேண்டிய நிலை. ஓடி ஒளிந்திருக்கலாம், தந்தைமேல் பழியைப் போட்டிருக்கலாம். ஜாம்ஷெட்ஜியோ கணக்குப் புத்தகத்தை அவர்கள் முன்னால் விரித்துவைத்து, உள்ளதை உள்ளபடி சொன்னார். அவர்கள் அவரையே கடன் தீர்க்கும் அதிகாரியாக நியமித்து, மாதம் 20 பவுன் சம்பளமும் கொடுத்தார்கள். பம்பாயில் நஸர்வான்ஜி குடியிருந்த வீட்டை விற்றுக் கடனை அடைத்தார். தந்தைக்கும் மகனுக்கும் இடையில் ஏழாயிரம் மைல் கடல் இருந்தும் நடத்தை ஒன்றாகவே இருந்தது. டாட்டா வீட்டுக்கு உண்மையான முதல் அன்றைக்குத்தான் போடப்பட்டது என்பது நமது அபிப்பிராயம். நாணயம் கெடாமல் தோற்றவனிடம் மறுபடியும் சரக்கைக் கடனுக்குக் கொடுப்பார்கள் என்பதை நம் வர்த்தகர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

1867-68-ல் ஆங்கில சர்க்கார் அபிஸீனியாவுக்குப் படை அனுப்பியபொழுது, அப்படைக்குச் சாமான் கொடுக்கும் காண்ட்ராக்டில் நஸர்வான்ஜிக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அதன் லாபத்தில் குடும்பம் தலைநிமிர்ந்தது. 1868-ல் ஜாம்ஷெட்ஜி 21,000 ரூபாய் முதலுடன் தம் சொந்த வியாபாரத்தை ஆரம்பித்தார். மறு வருஷம், நொடித்துக் கிடந்த ஓர் எண்ணெய் ஆலையைப் பம்பாயில் வாங்கி நூல் ஆலையாக மாற்றினார். இரண்டு வருஷத்தில் அதை லாபத்துக்கு விற்றுவிட்டு, லங்காஷயருக்கே போய் நூல் தொழிலைக் கண்ணால் பார்த்துப் படித்துவந்தார்.

திரும்பியவர், எல்லாரையும்போல் பம்பாயில் ஆலை கட்டவில்லை. பஞ்சு விளையும் நாட்டிலேயே, நிலக்கரியும் ரயிலும் அண்மையில் கிடைக்கும் நாகபுரியைத் தேர்ந்தெடுத்தார். 1874-ல் 15 லட்சம் ரூபாய் மூலதனத்தில் கம்பெனி ஏற்பட்டது. ஆலைக்கு வாங்கிய நிலமோ சதுப்பு நிலம். பணம் கேட்கப்போன இடத்தில் மார்வாடி லேவாதேவிக்காரர் ஒருவர், பொன்னை மண்ணில் கொட்டுகிற காரியத்துக்குத் தாம் துணைபோக மாட்டேன் என்று கைவிரித்தாராம். பிற்காலத்தில் அவரே, டாட்டா மண்ணைப் போட்டுப் பொன்னை எடுத்தார் என்று ஒப்புக்கொண்டாராம். எம்பிரஸ் மில் என்று பெயர் பெற்ற அந்த ஆலை 1877-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி திறக்கப்பட்டது.

ஆலைக்கு அவர் நியமித்த மானேஜர் பெஸோன்ஜி மேத்தா, ரயில்வேயில் வேலை பார்த்தவர். நூலைப்பற்றி ஒன்றும் அறியாதவர். ஆயினும் ஆளைக் கட்டி மேய்க்கத் தெரிந்தவர் என்று கண்டு, அவரை வைத்து, அவர் வேலையில் தலையிடாமல் விட்டார். 1886-ல் தொழிலாளருக்கு ஓய்வூதிய நிதியும், 1895-ல் விபத்து நஷ்ட ஈட்டு நிதியும் அந்த ஆலையில் ஏற்பட்டன. சட்டம் எதுவும் அப்பொழுது அவ்வாறு செய்யச் சொல்லவில்லை.

இனி, பிள்ளைகளை அவர் பழக்கிய விதத்தைக் கவனிப்போம். மூத்த மகன் தோராப்ஜி 1859-லும், இளையவர் ரத்தன்ஜி 1871-லும் பிறந்தவர்கள். தோராப்ஜியைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். பம்பாய் திரும்பிப் பட்டம் பெற்ற பிள்ளை, இரண்டு வருஷம் பத்திரிகையில் வேலை பார்த்தார், தந்தை தடுக்கவில்லை. 1884-ல் வியாபாரத்தில் சேர்ந்ததும் முதல் வேலையாக, புதுச்சேரியில் ஆலை வைத்தால் கட்டுமா என்று பார்த்துவர அனுப்பினார். பிறகு தொழில் பழகுவதற்காக நாகபுரி ஆலைக்கு அனுப்பினார். நம் கடைகளில், வாப்பா கண்மூடும் வரையில் பெட்டியடிச் சாவி மகன் கையில் வருவதில்லை. வந்த அன்றைக்கு அவனுக்கு வரவும் தெரியாது, பற்றும் தெரியாது. ஜாம்ஷெட்ஜி அப்படிச் செய்யவில்லை. தமக்கு நாற்பத்தெட்டு வயது ஆனபொழுதே, 1887-ல், டாட்டா அண்டு ஸன்ஸ் என்ற கூட்டு ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, மகனைப் பங்காளியாக்கினார். மகனை மட்டுமல்ல, கிழக்குத் தேச வியாபாரத்தில் உழைத்துவந்த உறவினர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டாவையும் பங்காளியாகச் சேர்த்தார். இளைய மகன் 1896-ல் வந்து சேர்ந்தார். உறவினருக்குச் சம்பளம், பிள்ளைக்குப் பங்கு என்று பிரிக்காததன் பலன் பின்னால் தெரியவரும்.

எல்லாக் காரியமும் ஜெயமாகிவிடவில்லை. 1886-ல் பம்பாயை அடுத்த குர்லாவில் 12½ லட்சம் ரூபாய்க்கு அவர் வாங்கிய ஆலை, ஓட்டை யந்திரங்கள் நிறைந்தது. அதைத் தூக்கி நிறுத்தக் கடன் கிடைக்காமல், குடும்பத்துக்கென்று எழுதிவைத்திருந்த டிரஸ்டை முறித்து, எம்பிரஸ் மில் பங்குகளையும் விற்றுப் பணம் போட்டார். நாகபுரி ஆட்களைக் கொண்டுவந்து அதைப் பிழைக்கவைத்தார். குடும்பத்தின் காப்புப் பணத்தை எடுத்து ஆலையில் போட்டது சரிதானா என்று கேட்டால், நாமும் தயங்கவே செய்வோம். ஜப்பானுக்குக் கப்பல் ஓட்டிய முயற்சியோ தோற்றது. பழைய ஆங்கிலக் கப்பல் கம்பெனி கூலியைப் பேருக்கு ஒன்றாகக் குறைத்ததும், கூடவே நிற்பதாகச் சொன்ன வியாபாரிகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

முதிர்ந்த வயதில் அவர் மனத்தில் நின்றவை இரும்பு ஆலை, நீர்மின்சாரம், விஞ்ஞானக் கலாசாலை ஆகிய மூன்று. கலாசாலைக்காக 1898-ல் 30 லட்சம் ரூபாய் பெறுமான சொத்துக்களைக் கொடுக்க முன்வந்தார். இரும்புக்காக 1902-ல் அமெரிக்கா சென்று நிபுணர்களைத் தேடினார். 1903-ல் பம்பாயில் தாஜ்மகால் ஓட்டல் திறந்தது ஒன்றுதான் அவர் கண்டது. 1904-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி ஜெர்மனியில் காலமானார். எடுத்த காரியத்தைப் பெருக்க முடியாவிட்டாலும் உள்ளதையாவது குறைக்காமல் காக்கும்படி அவர் உறவினரிடம் சொல்லிச் சென்றார் என்பர்.

ஒரு செங்கல்கூட வைக்காத இரும்பு ஆலை, தகப்பனார் போனதும் கைவிடப்பட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. தோராப்ஜி விடவில்லை. லண்டனில் பணம் கிடைக்காமல், 1907-ல் பம்பாயிலேயே பங்கு விற்றார். மூன்று வாரங்களில் சுமார் 8,000 பேர் வாங்கினார்கள். 1911-ல் இரும்பும் 1912-ல் எஃகும் வார்க்கப்பட்டன. பங்களூர்க் கலாசாலை 1909-ல் ஏற்பட்டது. மின்சாரம் 1915-ல் பம்பாய்க்கு வந்தது. முதல் உலக யுத்தத்துக்குப்பின் இரும்பு விலை விழுந்து, 1924-ல் ஆலையில் சம்பளம் கொடுக்கவே வழியில்லாமற்போயிற்று. தோராப்ஜி தம் சொத்து முழுவதையும், மனைவி மெஹர்பாயின் பிரசித்தி பெற்ற ஜூபிலி வைரம் உட்பட, இம்பீரியல் பாங்கில் ஈடு வைத்து ஒரு கோடி ரூபாய் பெற்றார். ஆலை பிழைத்தது. 1865-ல் பாட்டனார் வீட்டை விற்றார். 1924-ல் பேரனார் வைரத்தை ஈடு வைத்தார்.

ஆனால் அந்த இரு சகோதரருக்கும் பிள்ளைப் பேறு இல்லை. இந்த இடத்தில்தான் பல வீடுகள் கோர்ட்டு வாசலில் போய் நிற்கின்றன. ரத்தன்ஜி 1918-லும் தோராப்ஜி 1932-லும் காலமானார்கள். இருவரும் தங்கள் சொத்துக்களைத் தர்ம டிரஸ்டுகளாக்கிவிட்டார்கள். வக்பு செய்த சொத்தை வாரிசுகள் கூறுபோட முடியாது என்பதை அறிந்த நம்மவருக்கு, இதன் பொருள் எளிதில் விளங்கும். டாட்டா ஸன்ஸின் பங்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பகுதி இன்று இத்தகைய டிரஸ்டுகளிடமே இருக்கிறது.

தலைமைப் பதவிக்கு 1938-ல், முப்பத்துநாலு வயதில் வந்த ஜே.ஆர்.டி. டாட்டா, 1887-ல் பங்காளியாகச் சேர்க்கப்பட்ட அந்த உறவினரின் மகன். 53 வருஷங்கள் அவர் அப்பதவியை வகித்தார். அவருக்குப்பின் 1991-ல் வந்த ரத்தன் டாட்டாவின் தந்தை நாவல், பார்சி அனாதை இல்லத்தில் வளர்ந்து, இளைய சகோதரரின் மனைவி நவாஜ்பாயால் சுவீகாரம் எடுக்கப்பட்டவர். 2017-ல் தலைமை ஏற்ற சந்திரசேகரன் டாட்டா குடும்பத்தவரே அல்லர். நாமக்கல் பக்கத்து மோகனூரில் பிறந்து, 1987-ல் அவர்களுடைய கம்பெனி ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்த தமிழர்.