எமன் வேடம் களைந்த சுவாமிகள்

கதிர்காமத்தில் வாழும் நம்மனோர்க்குக் கருவடிக்குப்பம் நெடுந்தொலைவன்று. ஆங்குள்ள சித்தானந்த சுவாமிகள் கோயிலுக்குச் சென்று வருவோர் நம்மிற் பலர். அவ்வூர் இடுகாட்டிலேதான் நாடகத் தலைமையாசிரியர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் அடக்கமாகியிருக்கின்றார் என்று சொன்னால், நம் இளைஞர் சிலர் வியப்புறுகின்றனர். ஆகலின் அப்பெரியார் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுந்தோம்.

சுவாமிகள் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867 ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையாரிடமும், பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் பயின்றார். சில காலம் உப்புப் பண்டகசாலையிற் கணக்கராயிருந்து, 24 ஆம் வயதில் அத்தொழிலை உதறி நாடக மேடை ஏறினார். மாதச் சம்பளத்தை விட்டுக் கூத்தாடப் போனவனை உற்றார் என்ன சொல்லியிருப்பர் என்பதை நம் வீட்டுப் பெரியோர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

அவருக்கு வாய்த்தவை இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் என்னும் வெங்கொடிய வேடங்கள். இக்காலத்துத் திரைப்படம் காண்போரை நடுங்க வைக்க இருளும் ஒலியும் கருவிகளும் துணை செய்கின்றன. ஒலிபெருக்கியும் இல்லாத அந்நாளில் சுவாமிகளுக்குத் துணை அவர்தம் முகமும் குரலுமே. சத்தியவான் சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் முழங்கித் தோன்றிய ஓரிரவு, காண வந்திருந்த கருவுற்ற மங்கையொருத்தி அஞ்சி நடுங்கிக் கருச்சிதைவுற்றாள் என்ப. பிறிதொருகால் நளதமயந்தி முடிந்து, சனீசுவரன் வேடத்துடனே அதைக் களைய விடியற்கு முன் நீர்த்துறைக்குச் சென்றார். அங்கே துணி வெளுத்துக்கொண்டிருந்த பெண் அவ்வுருவைக் கண்டு அலறி வீழ்ந்து உயிர் துறந்தாள் என நாடக உலகத்தார் வழிவழியாய்க் கூறுவர்.

இவற்றில் மிகையுண்டோ என ஐயுறுவார் ஐயுறுக. அவர் வேடந் தாங்குதலையே விட்டொழித்தார் என்பதில் ஐயமில்லை. புகழின் உச்சியில் நிற்கும் நடிகன், தன் திறமே பிறர்க்குத் தீங்காயிற்று என்று வருந்தி அதனைக் கைவிடுதல் எளிதோ? சபையோர் கைதட்ட, உடையவர்க்கு வசூல் பெருக, இன்னும் பத்தாண்டு அவர் எமனாகவே வாழ்ந்திருக்கலாம்.

பின்னர்த் தலயாத்திரை சென்றார். துறவு மனத்தராய் வாழ்ந்தார். சுவாமிகள் எனப் பெயர் பெற்றார். புதுக்கோட்டையில் கஞ்சிராவில் பெரும்புகழ் வாய்ந்த மான்பூண்டியா பிள்ளை அவரை மகனாகவே ஏற்று ஆதரித்தார். அவர்தம் பாடல்களில் தாளக்கட்டுச் சிறந்து விளங்குதற்கு அத்தொடர்பே காரணமாகலாம் என்பது எம் கருத்து. மீண்டும் நாடகத்துக்கு வந்தபோது வேடமின்றி, நூலாசிரியராகவும் பயிற்றுநராகவும் வந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், பிரகலாதன் முதலாக 40க்குக் குறையாத நாடகங்கள் அவர் இயற்றியவை. அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர்.

1910 இல் சமரச சன்மார்க்க நாடக சபையை அமைத்தார், எஸ்.ஜி. கிட்டப்பா அங்குப் பயின்றவர். 1918 இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். டி.கே.எஸ். சகோதரர் அதிற் சேர்ந்தவரே. அச்சபையில் வேடந் தாங்கியோர் சிறுவர். கேட்போர் குலை நடுங்க முழங்கிய அக்குரல், அப்பிள்ளைகட்கு எழுத்துப் பிழையும் சுருதிப் பிழையும் திருத்துவதாயிற்று.

அக்குரலும் நிலைக்கவில்லை. பாரிசவாயு கண்டு கைகால் முடங்கின, பேச்சும் அற்றது. பிள்ளைகளோ அவர் எழுதிய நாடகங்களையே ஊர்தோறும் ஆடிவந்தனர். இறுதியிற் புதுச்சேரிக்கு வந்திருந்த காலத்தில், 1922 ஆம் ஆண்டு நவம்பர் 13 ஆம் நாள் இரவு, 55 ஆம் வயதிற் சுவாமிகள் காலமானார். அவர் உடல் கருவடிக்குப்பத்தில் அடக்கஞ் செய்யப்பெற்றது.

ஆண்டுதோறும் அந்நாளில் நாடகக் கலைஞர் அங்குக் கூடி மாலை சாத்துகின்றனர். வரும் நவம்பரில் நம் சங்கத்துக் குடும்பங்களும் பிள்ளைகளுடன் சென்று வரலாம் என எண்ணுகின்றோம். கதிர்காமத்தினின்று வருவோர் வெயில் ஏறுமுன் புறப்படுதல் நலம்.