தியாகராயர் தந்த ஓரணாச் சிற்றுண்டி

சென்னை சென்று மீளும் நம் தீவுத் தமிழருள் தியாகராய நகரின் கடைத்தெருவைக் காணாதார் மிகச் சிலரே. ஆயினும், அந்நகருக்குப் பெயர் தந்த பெருமகனாரின் வாழ்வை அறிந்தோர் பலர் இலர்.

பிட்டி தியாகராயர் 1852-ஆம் ஆண்டு நெசவுத் தொழில் சார்ந்த குடியிற் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்னை நகராட்சி மன்றத்தில் அமர்ந்து தொண்டாற்றினார். டாக்டர் நடேசனார், டாக்டர் டி. எம். நாயர் ஆகியோருடன் கூடி, பின்னர் நீதிக்கட்சி எனப் பெயர் பெற்ற இயக்கத்தை 1916-இல் தோற்றுவித்தார். 1920-இல் மாகாணத்தின் முதலமைச்சர் பதவி தம்மை நாடி வந்தபோதும் அதனை ஏற்க மறுத்தார். அவர் உள்ளம் நகராட்சிப் பணியிலேயே ஊன்றி நின்றது.

அவ்வாண்டு அவர் நகராட்சித் தலைவராய் இருந்தார். ஆயிரம் விளக்குப் பகுதியின் நகராட்சிப் பள்ளியில் ஏழைச் சிறுவர்களின் வரவு குறைந்திருந்தது. கட்டடமும் ஆசிரியரும் இருந்தும், பசித்த வயிறு பள்ளிப் பக்கம் வரவில்லை. மாணவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமற் செலவிட்டுச் சிற்றுண்டி அளிக்க 1920 செப்டம்பரில் மன்றம் இசைந்தது. ஓரணா என்பது அந்நாளைய ரூபாயில் 16-இல் ஒரு பங்கு. பின்னர் இத்திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23-இல் 811-ஆக இருந்த மாணவர் தொகை 1924-25-இல் 1,671-ஆக உயர்ந்தது.

ஆயினும், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுதல் கூடாதென ஆங்கில அரசு தடுத்தது. 1925 ஏப்ரல் முதல் நாள் திட்டம் தடைப்பட்டது. அவ்வாண்டிலேயே தியாகராயரும் மறைந்தார்.

ஏழைக்கென ஒதுக்கும் பணம் ஏழையைச் சென்று சேர்ந்ததா என்பதே அரசுச் செலவின் உரைகல். இச்சிற்றுண்டியைப் பெற மனு எழுத வேண்டியதில்லை. பரிந்துரை தேட வேண்டியதில்லை. பிள்ளை பள்ளிக்கு வந்தாலே போதும். அதன் பயனை வருகைப் பதிவேடே காட்டிற்று. வந்த பிள்ளை எவ்வளவு கற்றான் என்பதை அப்பதிவேடு கூறாது என்பது உண்மையே. ஆனால், வாராத பிள்ளைக்குக் கற்பித்தல் எவர்க்கும் இயலாது. கணக்குத் தலைப்பை நோக்கினோர் உணவு வேறு, கல்வி வேறு என்றனர். பிள்ளையின் முகத்தை நோக்கியவர் இரண்டும் ஒன்றெனக் கண்டார்.

அவர் இட்ட வித்து அழியவில்லை. 1956-இல் பெருந்தலைவர் காமராசர் மதிய உணவை மாநிலமெங்கும் பரப்பினார். 1982-இல் எம். ஜி. ஆர். அதனைச் சத்துணவாக விரிவாக்கினார். 2001-இல் உச்ச நீதிமன்றம் அரசுத் தொடக்கப் பள்ளிகளிற் சமைத்த உணவு வழங்குமாறு மாநிலங்களையும் ஒன்றியப் பகுதிகளையும் பணித்தது. அவ்வாணை நம் தீவுகளுக்கும் உரியது.

ஆதலின், கடல் கடந்து வாழும் நாம் தியாகராயர் பெயரைக் கடைத்தெருவோடு நிறுத்துதல் தகாது. நம் பிள்ளைகள் பயிலும் பள்ளியில் உணவு நாள்தோறும், நல்ல முறையில், கடைசிப் பிள்ளை வரை சென்று சேர்கிறதா எனச் சென்று பார்த்தலே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.