சிரித்துக்கொண்டே கொடுத்த இடம்



உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிளஸ் டூ முடித்த அண்ணனோ அக்காவோ இருக்கிறார்களா? அப்படியானால் கோடை விடுமுறையில் அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். எந்தக் கல்லூரி, என்ன படிப்பு, விண்ணப்பம் போட்டாயிற்றா, பட்டியலில் பெயர் வந்ததா என்பதே பேச்சாக இருக்கும். பெயர் வரவில்லை என்றால் வீடே வாடிப்போய்விடும்.

1847ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பெண் மருத்துவக் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். ஒரு கல்லூரிக்கு அல்ல, கல்லூரி கல்லூரியாக விண்ணப்பித்தார். அவருக்கு அறிவு போதாது என்று யாரும் சொல்லவில்லை. பணம் கட்ட முடியுமா என்றும் கேட்கவில்லை. அவர் பெண் என்பதுதான் அவர்கள் கண்ட ஒரே குறை! அவர்தான் எலிசபெத் பிளாக்வெல். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்மணி.

எலிசபெத் 1821ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். தந்தை சாமுவேல் பிளாக்வெல் சர்க்கரை ஆலை நடத்தியவர். ஆண் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பாடங்களைப் பெண் பிள்ளைகளுக்கும் சொல்லித்தர வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தக் காலத்தில் இது அபூர்வம். 1832இல் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. 1838இல் சின்சினாட்டி என்ற ஊருக்குக் குடிபோன சில மாதங்களில் தந்தை இறந்துபோனார். கையில் காசில்லை. தாயும் பெண்களும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். பதினேழு வயதிலேயே எலிசபெத் ஆசிரியை ஆகிவிட்டார்.

சின்ன வயதிலிருந்தே மருத்துவராக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை! உடம்பு, நோய், மருந்து என்றாலே அவருக்கு அருவருப்பு. ஒருமுறை வகுப்பில் கண்ணின் அமைப்பை விளக்க ஆசிரியர் ஒரு மாட்டின் கண்ணைக் கொண்டுவந்து காட்டினார். அதைப் பார்த்த எலிசபெத்துக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

அந்த மனத்தை மாற்றியவர் ஒரு தோழி. தீராத நோயில் படுத்திருந்த அந்தப் பெண்மணி, தன் வேதனையை ஆண் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லவே கூச்சமாக இருந்தது என்றார். ஒரு பெண் மருத்துவர் இருந்திருந்தால் பாதித் துன்பம் குறைந்திருக்கும், நீ ஏன் மருத்துவம் படிக்கக்கூடாது என்று எலிசபெத்திடம் கேட்டார். முதலில் எலிசபெத் மறுத்தார். ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

ஆசை வந்துவிட்டது. வழி வேண்டுமே! படிப்புக்குப் பணம் சேர்க்க வீட்டைவிட்டுத் தொலைதூர ஊர்களில் ஆசிரியை வேலை பார்த்தார். ஆஷ்வில் என்ற ஊரில் அவர் தங்கியிருந்த வீட்டின் தலைவர் முன்பு மருத்துவராக இருந்தவர். அவருடைய மருத்துவ நூல்களை எடுத்துப் படித்தார். அடுத்து சார்லஸ்டன் நகரில் அவருடைய தம்பியான மருத்துவரின் நூலகம் கிடைத்தது. பகலில் பாடம் நடத்தினார். மற்ற நேரத்தில் மருத்துவம் படித்தார். கதவு திறக்கும் முன்பே உள்ளே நுழையத் தன்னைத் தயார் செய்துகொண்டார், பாருங்கள்!

1847இல் பிலடெல்பியா நகருக்குப் போனார். அமெரிக்காவின் பெயர்பெற்ற மருத்துவக் கல்லூரிகள் அங்கேதான் இருந்தன. ஒவ்வொரு பேராசிரியராகப் போய்ப் பார்த்தார். சிலர் சிரித்தார்கள். சிலர் இரக்கப்பட்டார்கள். யாரும் இடம் கொடுக்கவில்லை. பெண்ணால் இந்தப் படிப்பைத் தாங்க முடியாது என்றார்கள். பெண்கள் மருத்துவர்களானால் தங்கள் தொழில் என்னாவது என்ற பயமும் சிலருக்கு உள்ளூர இருந்தது. ஆண் வேடம் போட்டுக்கொண்டு பாரிஸ் நகருக்குப் போய்ப் படிக்கலாமே என்றுகூட யோசனை சொன்னார்கள். எலிசபெத் ஒப்புக்கொள்ளவில்லை. ஒளிந்து உள்ளே போனால் அவர் ஒருவர் மட்டும்தான் போகமுடியும். பின்னால் வரும் பெண்களுக்குக் கதவு மூடியே கிடக்குமே!

பெரிய கல்லூரிகள் கைவிரித்ததும் சின்ன ஊர்க் கல்லூரிகளுக்கு எழுதினார். மறுத்த கல்லூரிகள் மொத்தம் 29 என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா வேறு, இது வேறு. அந்த ஊர் மருத்துவக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போனது. அவருக்காகப் பிலடெல்பியா மருத்துவர் ஒருவர் பரிந்துரைக் கடிதமும் எழுதியிருந்தார். பேராசிரியர்களுக்குச் சேர்த்துக்கொள்ள மனமில்லை. நேராக மறுக்கவும் தயக்கம். எனவே ஒரு தந்திரம் செய்தார்கள். முடிவை மாணவர்களிடமே விட்டுவிட்டார்கள். ஒரே ஒரு மாணவர் எதிர்த்தாலும் அந்தப் பெண்ணுக்கு இடமில்லை என்பது நிபந்தனை. சுமார் 150 ஆண் மாணவர்கள். ஒருவராவது எதிர்க்காமலா இருப்பார் என்பது அவர்கள் எண்ணம்.

நடந்தது வேறு! மாணவர்கள் அதை வேடிக்கை என்றே நினைத்தார்கள். வேறு கல்லூரிக்காரர்கள் செய்யும் குறும்பு என்று சிலர் எண்ணினார்கள். கூச்சலும் சிரிப்புமாக எல்லாரும் சேர்க்கலாம் என்று கை தூக்கினார்கள். மறுத்த ஒரு மாணவரையும் மற்றவர்கள் சூழ்ந்துகொண்டு சம்மதிக்க வைத்துவிட்டார்கள். 1847 அக்டோபர் 20ஆம் தேதியிட்ட கடிதம் எலிசபெத்தின் கைக்கு வந்தது. அந்த விண்ணப்பத்துக்கு இடம் கிடைத்துவிட்டது!

நவம்பர் மாதம் எலிசபெத் வகுப்பில் வந்து உட்கார்ந்தபோதுதான் மாணவர்களுக்கு உண்மை புரிந்தது. எப்போதும் இரைச்சலாக இருக்கும் அந்த வகுப்பு கப்சிப் என்று அடங்கிவிட்டது. ஊர்ப் பெண்கள் மட்டும் அவரைத் தெருவில் கண்டால் விலகிப்போனார்கள். ஏதோ விசித்திரப் பிராணியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். உடற்கூறு வகுப்பில் ஒரு குறிப்பிட்ட பாடத்துக்கு மட்டும் வரவேண்டாம் என்று பேராசிரியர் கேட்டுக்கொண்டார். தானும் மற்றவர்களைப்போல ஒரு மாணவர்தான் என்று எலிசபெத் பணிவாகக் கடிதம் எழுதினார். அதை அந்தப் பேராசிரியர் வகுப்பிலேயே படித்துக் காட்டினார். மாணவர்கள் எலிசபெத்தின் பக்கமே நின்றார்கள். சிரித்துக்கொண்டு இடம் கொடுத்தவர்கள் இப்போது மதித்து இடம் கொடுத்தார்கள்.

1849 ஜனவரி 23ஆம் நாள் எலிசபெத் மருத்துவப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 27. விலகிப்போன ஊர்ப் பெண்களே அந்த விழாவைக் காணக் கூட்டமாக வந்திருந்தார்கள்.

இத்துடன் துன்பம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். மேற்பயிற்சிக்காக அவர் பாரிஸ் நகருக்குப் போனார். அங்கே கண்நோய் வந்த ஒரு குழந்தைக்குச் சிகிச்சை செய்யும்போது நீர் தெறித்து அவர் கண்ணில் பட்டது. நோய் தொற்றி இடது கண்ணின் பார்வை போய்விட்டது. அறுவை மருத்துவர் ஆகும் கனவும் அதோடு போயிற்று. 1851இல் நியூயார்க் திரும்பியபோது பெண் மருத்துவருக்கு வாடகைக்கு அறை கொடுக்கவும் ஆளில்லை.

தங்கை எமிலிக்கும் மருத்துவம் படிக்க ஆசை. அவர் அதே ஜெனீவா கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அக்காவைச் சேர்த்த கல்லூரி தங்கையைச் சேர்க்க மறுத்துவிட்டது! ஒருமுறை திறந்த கதவு மறுபடியும் சாத்தப்பட்டது. எமிலி பல இடங்களில் முயன்று, 1854இல் கிளீவ்லாந்து நகரில் பட்டம் பெற்றார்.

பிறர் கதவையே தட்டிக்கொண்டிருந்தால் போதாது என்று சகோதரிகள் உணர்ந்தார்கள். 1857இல் நியூயார்க் நகரில் ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவமனை தொடங்கினார்கள். அங்கே பெண்களே மருத்துவர்கள். 1868இல் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியையும் தொடங்கினார்கள். பெண்கள் கல்லூரிதானே என்று யாரும் இளக்காரமாகப் பேசக்கூடாது அல்லவா? அதனால் நுழைவுத் தேர்வு வைத்தார்கள். பாடத்தையும் கடினமாக்கினார்கள். அந்தக் கல்லூரி 1899இல் மூடப்பட்டது. வருத்தப்படாதீர்கள்! கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்க்கத் தொடங்கியது. அதனால் தனிக் கல்லூரிக்குத் தேவை இல்லாமல் போயிற்று. அதைவிட வெற்றி வேறு என்ன வேண்டும்?

எலிசபெத்தை மறுத்த பிலடெல்பியா நகரிலும் 1850இல் பெண்களுக்கென்று ஒரு மருத்துவக் கல்லூரி தோன்றியது. நம் நாட்டு ஆனந்திபாய் ஜோஷி கடல் கடந்துபோய் 1886இல் மருத்துவப் பட்டம் பெற்றது அந்தக் கல்லூரியில்தான்.

எலிசபெத் தம் கடைசிக் காலத்தை இங்கிலாந்தில் கழித்தார். 1910 மே 31ஆம் நாள் மறைந்தார்.

செல்வங்களே! நாளை நீங்களும் விண்ணப்பம் போடுவீர்கள். விரும்பிய இடம் கிடைக்காமலும் போகலாம். அந்த மறுப்பு ஒரு கல்லூரியின் பதில் மட்டுமே. நீங்கள் யார் என்பதற்கு அது தீர்ப்பு ஆகாது. கிடைத்த இடம் சிறிய ஊரில் இருந்தாலும், அதில் உட்கார்ந்து என்ன செய்கிறோம் என்பதே பெரிது.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். அந்த 150 மாணவர்களில் ஒருவராகவும் நீங்கள் இருக்க நேரும். புதிதாக ஒருவர், உங்களைப்போல் இல்லாத ஒருவர், உங்கள் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். அப்போது பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். அவருக்கு இடம் வேண்டுமே!