கடிகாரக்காரர் மகன் செய்த துப்பாக்கி

தொம்மலூரில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பதைக் கடந்தவர். அல்சூர் ஏரிக்கரையில் உள்ள மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து, உழைத்து, ஓய்வு பெற்றவர். அப்படையின் வீரர்களைத் தம்பிகள் என்றே இராணுவத்தார் அன்புடன் அழைப்பர். பெரியவரோ இப்போது தெருவில் உள்ள இளைஞர் அனைவரையும் தம்பி என்றுதான் அழைக்கிறார்.

ஒரு நாள் தேசிய மாணவர் படைப் பயிற்சி முடிந்து, காக்கி உடையோடு வீடு திரும்பினேன். அணிவகுப்புக்கு எந்தத் துப்பாக்கி கொடுத்தார்கள் என்று அவர் கேட்டார். பழைய த்ரீ நாட் த்ரீ என்றேன். சுடுவதற்கு உதவாதபடி ஆக்கி, டி.பி. என்னும் எழுத்துகளைப் பொறித்த பயிற்சித் துப்பாக்கி அது. பெயரைக் கேட்டதும் பெரியவரின் முகம் மலர்ந்தது. அவருடைய வலக்கை வெறுங்காற்றிலே ஒரு கைப்பிடியைத் தூக்கிப் பின்னிழுத்து, முன்தள்ளி, கீழே மடக்கிற்று. அறுபது ஆண்டுகளுக்கு முன் கற்ற பாடத்தைக் கை மறக்கவில்லை!

அதே வாரத்தில் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பணிபுரியும் என் பெரியப்பா மகன் ஒரு படம் அனுப்பினார். விடுமுறை நாள்களில் இலக்குப் பலகையைச் சுட்டுப் பழகுவது அவருக்குப் பொழுதுபோக்கு. இராணுவம் கழித்துவிட்ட பழைய துப்பாக்கி ஒன்றை, புதிது வாங்குவதைவிட மிகக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கிறார். அதன் இரும்பிலே நம் அசோகச் சிங்க முத்திரையும், ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்துகளும் இருந்தன. வங்காளத்தில் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்த துப்பாக்கி! நம் நாட்டில் செய்த பொருளை நாம் வாங்க இயலாது. கடல் கடந்தவர் மலிவாக வாங்கி மகிழ்கிறார். இது எப்படி என்று தேடப் புகுந்தேன். எல்லா வழிகளும் ஒரு மனிதரிடம் கொண்டுபோய் நிறுத்தின. அவர் பெயர் ஜேம்ஸ் பாரிஸ் லீ.

லீ 1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் ஸ்காட்லாந்தில் ஹாவிக் என்னும் ஊரில் பிறந்தார். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோதே குடும்பம் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, கால்ட் என்ற ஊரில் தங்கிற்று. தந்தை கடிகாரத் தொழிலாளி. மகனும் அத்தொழிலையே கற்றார். மயிரிழை பிசகினாலும் ஓடாத சின்னஞ்சிறு சக்கரங்களோடு பழகிய கை அது. ஆனால் மனமோ வேறிடத்தில் இருந்தது. பன்னிரண்டு வயதிலேயே அவர் தாமாக ஒரு துப்பாக்கி செய்தார். குதிரைவீரனின் பழைய கைத்துப்பாக்கிக் குழல் ஒன்று. தாமே செதுக்கிய மரக்கட்டை. மருந்து வைக்கும் கிண்ணத்துக்கு ஓர் அரைப்பென்னிக் காசு. அந்தத் துப்பாக்கி சரியாக வேலை செய்யவில்லை. ஆனாலும் கழித்துப் போட்ட பழம்பொருளிலிருந்தே அவர் வாழ்க்கை தொடங்கிற்று என்பதை நாம் மனத்தில் வைக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் படைத்த துப்பாக்கிக்கும் அதுவே விதியாயிற்று.

வளர்ந்தபின் லீ அமெரிக்கா சென்று, விஸ்கான்சின் மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் பாயிண்ட் என்ற ஊரில் வாழ்ந்தார். அப்போது அங்கே உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் திணித்துச் சுடும் காலம் முடிந்து, பின்புறமாகத் தோட்டா இடும் காலம் பிறந்துகொண்டிருந்தது. லீ 1862இல் அத்தகைய அமைப்பு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1865இல் ஆயிரம் சிறு துப்பாக்கிகள் செய்து தரும்படி அமெரிக்க இராணுவம் அவரோடு ஒப்பந்தம் செய்தது. மில்வாக்கி நகரில் வேலை தொடங்கிற்று. அந்தோ! குழலின் உள்விட்ட அளவு பற்றித் தகராறு எழுந்தது. இராணுவம் ஏற்க மறுத்தது. போரும் முடிந்துவிட்டது. நூலளவு வேறுபாட்டில் ஒரு தொழிலகமே சாய்ந்தது. அளவின் அருமையைக் கடிகாரக்காரர் மகன் இப்படியா மீண்டும் கற்க வேண்டும்!

லீ சோர்ந்துவிடவில்லை. 1875ஆம் ஆண்டு மாதிரி என்னும் வேறொரு துப்பாக்கியை ஸ்பிரிங்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலை செய்து பார்த்தது. 143 துப்பாக்கிகளோடு அதுவும் நின்றது. ஆனால் 1879இல் அவர் பெற்ற காப்புரிமைதான் உலகின் படைகளை மாற்றியது. துப்பாக்கியின் அடியில் செருகி எடுக்கக்கூடிய ஒரு சிறு தகரப்பெட்டி, அதற்குள் வில், வில்லின்மேல் ஒன்றன்மீது ஒன்றாகத் தோட்டாக்கள். மேல்தோட்டா குழலுக்குள் போனதும் அடுத்தது தானே எழும்பி நிற்கும். எத்துணை எளிமை! இன்றைய இராணுவத் துப்பாக்கிகளின் கீழே தொங்கும் தோட்டாப்பெட்டிக்கு மூதாதை அதுவே. ஷார்ப்ஸ் நிறுவனம் அதைச் செய்யத் தொடங்கி நொடித்தது. ரெமிங்டன் நிறுவனம் தொடர்ந்து செய்தது.

தாம் வாழ்ந்த நாட்டின் தரைப்படை லீயை ஏற்கவில்லை. 1892இல் அது நார்வே நாட்டார் வகுத்த துப்பாக்கியைத் தேர்ந்தது. அமெரிக்கக் கடற்படை மட்டும் அவருடைய துப்பாக்கிகளை வாங்கிற்று. பெருவாழ்வு பிரிட்டனிலிருந்து வந்தது. பல ஆண்டுச் சோதனைகளுக்குப்பின் 1888இல் பிரிட்டிஷ் படை லீயின் போல்ட்டையும் பெட்டியையும் ஏற்றது. குழலின் உள்ளே வெட்டும் சுருள் பள்ளங்களை வகுத்தவர் மெட்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயர். ஆகவே லீ-மெட்ஃபோர்டு என்று பெயர். ஆனால் கார்டைட் என்னும் புது மருந்தின் வெப்பத்தில் மெட்ஃபோர்டின் மென்மையான பள்ளங்கள் விரைவில் தேய்ந்தன. என்ஃபீல்டு தொழிற்சாலையின் ஆழ்ந்த பள்ளங்கள் 1895இல் அவற்றின் இடத்தைப் பிடித்தன. மெட்ஃபோர்டு போனார், லீ நின்றார். லீ-என்ஃபீல்டு பிறந்தது.

அதன் சிறப்பு என்ன? போல்ட்டைப் பூட்டும் காதுகள் பின்புறம் இருப்பதால் அதைப் பின்னிழுக்கும் தூரம் குறைவு. கைப்பிடியைச் சிறிதே தூக்கினால் போதும். முன்தள்ளும்போதே ஊசி விசையேறும். பெட்டியில் பத்துத் தோட்டாக்கள். பழகிய வீரன் கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமலே ஒரு நிமிடத்தில் குறிபார்த்துப் பதினைந்து முறை சுடுவான். நுட்பம் மிகுந்த கடிகார வேலையைச் சேற்றிலும் மணலிலும் ஓடும்படி செய்துவிட்டார் லீ.

1904 பிப்ரவரி 24ஆம் நாள் லீ கனெக்டிகட் மாநிலத்தில் காலமானார். அதே 1904இல்தான் இச்சாப்பூரில் ரைபிள் தொழிற்சாலை எழுந்தது. அங்கே அவருடைய துப்பாக்கியை நம்மவர் கைகள் செய்யத் தொடங்கின. இரு உலகப் போர்களிலும் அதைச் சுமந்தவருள் நம் சிப்பாய்கள் இலட்சக்கணக்கானோர். உலகெங்கும் செய்யப்பட்டவை ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் என்பர்.

இங்கே ஒன்றை மறைத்தால் நான் உண்மை எழுதியவன் ஆகேன். 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன் வாலாபாக்கில் ஐம்பது சிப்பாய்கள் ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் 1,650 முறை சுட்டார்களே, அந்தக் கைகளிலும் இந்தத் துப்பாக்கியே இருந்தது. விரைவாகச் சுட வேண்டும் என்று ஒருவர் தொழிற்கூடத்தில் தீர்த்த கணக்கு, மதிலுக்குள் அடைபட்ட மக்கள்மேல் பிழையின்றி வேலை செய்தது. லீ அப்போது உயிரோடு இல்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. நாடுகளின் கிடங்குகளில் துப்பாக்கிகள் மலைபோல் குவிந்தன. அவற்றை எடைக்கு எடை வாங்கும் வணிகர் தோன்றினர். 1950களில் அமெரிக்கப் பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. புதிய வேட்டைத் துப்பாக்கி நூறு டாலருக்கு மேல் விற்ற காலத்தில், லீ-என்ஃபீல்டு பத்திலிருந்து முப்பது டாலருக்குள் அஞ்சலில் வீடு தேடி வந்தது. தொழிலாளியும் மாணவனும் அதை வாங்கினர். முன்மரத்தை அறுத்து இலேசாக்கி மான் வேட்டைக்குக் கொண்டுபோனவர் பலர். வார இறுதியில் இலக்குப் பலகையைச் சுட்டு மகிழ்ந்தவர் பலர்.

மலிவு மட்டுமா காரணம்? அன்று. ஏழை வாங்கக்கூடிய விலையில், ஓர் அரசு பணத்தைக் கணக்கிடாமல் செய்வித்த வேலைப்பாடு அதில் கிடைத்தது. ஒவ்வோர் உறுப்பிலும் சோதனையாளர் முத்திரை. உடலிலும் போல்ட்டிலும் ஒரே எண். கட்டையின் பித்தளை மூடிக்குள் எண்ணெய்ப் புட்டி. பழைய தோட்டாவின் உப்பு குழலை அரிக்கும் என்று அறிந்து, சுட்டபின் கொதிநீர் ஊற்றிக் கழுவும் பொறுமையையும் அது கற்றுக்கொடுத்தது. கையில் எடுத்தவர்க்கு அது வெறும் கருவியன்று. வரலாற்றின் ஒரு துண்டு.

ஆனால் அஞ்சலில் வந்த மலிவுக்கு ஒரு நாள் கணக்குத் தீர்க்க வேண்டி வந்தது. 1963 நவம்பர் 22 அன்று அதிபர் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, இத்தாலிய இராணுவம் கழித்த பழையது. பொய்ப் பெயரில், தொலைநோக்கியோடு 19 டாலர் 95 சென்டுக்குச் சிகாகோ கடை ஒன்றிலிருந்து அஞ்சலில் வாங்கியது. 1968இல் அமெரிக்கா சட்டம் இயற்றி அஞ்சல் விற்பனையையும், பழைய இராணுவத் துப்பாக்கி இறக்குமதியையும் தடுத்தது. இறக்குமதித் தடை 1980களில் தளர்ந்தது.

நம் நாட்டின் கதை வேறு. ஆளவந்த ஆங்கிலேயர் இந்தியரை நம்பவில்லை. 303 தோட்டா படைக்குரியது. மக்கள் கையில் அது சேரக் கூடாது என்றனர். காவலர்க்குக்கூட 303 குழலைக் குடைந்து, 410 என்னும் வழுவழுப்பான குழலாக்கிக் கொடுத்தனர். பறிபோனாலும் படைத்தோட்டாவை அதில் இட முடியாது. விடுதலைக்குப்பின் வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், அதன்கீழ் வந்த விதிகளும் 303ஐயும் 7.62ஐயும் தடைசெய்யப்பட்ட வகையிலேயே வைத்துள்ளன. உரிமம் பெற்றவர்க்கு இச்சாப்பூர் செய்து தந்தது 315 வகை வேட்டைத் துப்பாக்கி. தோட்டாதான் வேறு, போல்ட் லீயினுடையதே!

1962இல் சீனப் போர் வந்தது. நம் வீரர் பனிமலையில் 303ஓடு நின்றனர். அதன்பின் இச்சாப்பூர் அதே அமைப்பை வலிய எஃகில் வார்த்து, 7.62 தோட்டாவுக்கு ஏற்றதாக்கிற்று. 2ஏ என்றும், பின் 2ஏ1 என்றும் பெயர் பெற்றது. காலங்கடந்து கழிக்கப்பட்டபின் அவற்றுள் பல கப்பலேறி அமெரிக்கா சேர்ந்தன. என் பெரியப்பா மகனின் கையில் இருப்பது அதுவே. இங்கே 303 மட்டும் காவலர் தோளில் நெடுநாள் தங்கிற்று. உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு விடைகொடுத்தது 2020 குடியரசு நாள் அணிவகுப்பில்தான்.

இவ்வளவும் அறிந்தபின் எனக்கும் ஆசை வந்தது. மலிவாகக் கிடைக்குமானால் ஒன்று வாங்கி, சுடுதளத்தில் பலகையைச் சுட்டு மகிழலாமே என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் சினக்கவில்லை, சிரித்தார். வேலைப்பாட்டில் அதற்கு இணை இல்லை என்றார். தாம் தினமும் துணி கோத்த கயிற்றைக் குழலில் இழுத்துத் துடைத்ததையும், இரவில் அதை அணைத்தபடி உறங்கியதையும் சொன்னார். பிறகு சற்று நேரம் பேசாதிருந்து, அது மலிவானது என்று மட்டும் நினைக்காதே தம்பி, அதன் விலையை முன்னமே வேறு சிலர் கொடுத்துவிட்டார்கள் என்றார். அவருடன் சேர்ந்து படையில் நுழைந்து, 1962இல் மலைக்குப் போனவர்களில் இருவர் திரும்பவில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன்.

தோழர்களே! குறிபார்த்துச் சுடுவது நல்ல கலை. கண்ணையும் மூச்சையும் அடக்கக் கற்பிப்பது. நம் மாணவர் படையிலும் சுடுதளங்களிலும் 22 துப்பாக்கியால் அதைப் பழகலாம். ஆசை உடையவர் அவசியம் பழகுங்கள். அடுத்த அணிவகுப்பில் அந்தப் பழைய 303 உங்கள் கைக்கு வரும்போது போல்ட்டை ஒருமுறை மெல்ல இழுத்துப் பாருங்கள். அங்கே ஒரு கடிகாரக்காரர் மகனின் அறிவு ஓடும். வியந்து பாராட்டுங்கள். அதைச் சுமந்து திரும்பாதவரையும், அதன் முன்னே நின்று வீழ்ந்தவரையும் அதே நொடியில் நினையுங்கள். நான் இப்போது அப்படித்தான் அதைத் தோளில் ஏற்றுகிறேன்.