டாக்டர் அம்பேத்கர் கடல் கடந்து கற்ற வரலாறு

பிறநாட்டுச் சர்வகலாசாலைகளிற் சென்று பயில விழையும் மாணவர், முதலில் அங்குள்ள பேராசிரியர் யாவர், பாடங்கள் எவை என்று வினவுகின்றனர். சிறிது நாட் கழிந்ததும் அவ்வினாக்கள் பின்னிட, பணத்துக்கு வழி யாது என்னும் ஒரு வினாவே எஞ்சி நிற்கின்றது. நமது கலாசாலையிலும் இவ்வினாவோடு ஆசிரியர்களை அணுகுவோர் ஆண்டுதோறும் உளர். அவர்கள்பொருட்டு, டாக்டர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கரின் வாழ்க்கையில் ஒரு பகுதியை மட்டும் ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர் அரசியற் சட்டம் வகுத்ததையும், தீண்டாமையை எதிர்த்துப் போராடியதையும் அறியாதார் இலர். அவர் நியூயார்க்கிலும் லண்டனிலும் எவ்வாறு பயின்றார், அதற்குரிய பொருளை எங்ஙனம் தேடினார், தேடிய பொருளுக்கு என்ன விலை கொடுத்தார் என்பதை அறிந்தோர் அத்துணைப் பலரல்லர்.

அம்பேத்கர் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மௌ என்னும் இராணுவ நகரிற் பிறந்தார். தந்தையார் ராம்ஜி, படையிற் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வருவாயோ சிறிது. மகனுக்குப் புத்தகம் வேண்டுமாயின், மணமாகிப் போன தம் பெண்மக்களிடம் சென்று நகையை இரவல் வாங்கி அடகு வைப்பார். உபகாரச் சம்பளம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். இங்ஙனம் அடகுக் கடையைச் சார்ந்தே தொடங்கிற்று அவரது கல்வி. 1907-ல் அவர் மெட்ரிகுலேஷன் தேறியபோது, அவர் பிறந்த மகார் வகுப்பினருக்கு அஃது ஒரு பெருஞ் செய்தியாயிற்று. அதன்பொருட்டுக் கூடிய கூட்டத்தில் ஆசிரியர் கேளுஸ்கர் என்பார், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசாக அளித்தார். இன்டர்மீடியட் தேறியபின், மேற்கொண்டு படிக்க வழியில்லாது நின்ற அவரைப் பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாடிடம் அழைத்துச் சென்றவரும் கேளுஸ்கரே. மன்னர் சில கேள்விகள் கேட்டு, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை அளிக்க இசைந்தார். அதனைக் கொண்டு எல்பின்ஸ்டன் கலாசாலையிற் பயின்று, 1912-ல் பி. ஏ. பட்டம் பெற்றார்.

1913 ஜனவரியில் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சில நாட்களே கழிந்திருந்தன. தந்தையார் நோயுற்ற செய்தி வரவே பம்பாய்க்கு விரைந்தார். பிப்ரவரி 2-ஆம் நாள் தந்தையார் காலமானார். மனைவியும் உறவினரும் அடங்கிய குடும்பத்தின் பாரம் அவர் தோளில் விழுந்த அவ்வாண்டிலேதான் அமெரிக்கா செல்லும் வாய்ப்பும் வந்தது. சமஸ்தானச் செலவில் மாணவர் சிலரைக் கொலம்பியா சர்வகலாசாலைக்கு அனுப்ப மன்னர் எண்ணியிருந்தார், அம்பேத்கர் விண்ணப்பித்தார். 1913 ஜூன் 4-ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

அவ்வொப்பந்தத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். மாதம் 11 பவுன் 10 ஷில்லிங் வீதம் மூன்றாண்டு உதவித்தொகை. படிப்பு முடிந்ததும் பத்தாண்டு பரோடாவில் ஊழியம். அந்நாளில் ஒரு பவுனுக்கு 15 ரூபாயாதலின், மாதத் தொகை 172 ரூபாய் 8 அணா ஆகும். மூன்றாண்டுக்கும் கூட்டினால் ஆறாயிரத்து இருநூறு ரூபாயளவு வரும். இத்தொகைக்கு ஓர் இளைஞர் தம் வாழ்நாளிற் பத்தாண்டை ஈடாக எழுதிக் கொடுத்தார். இந்நிபந்தனையைக் கொடிதென்று நாம் கூறமாட்டோம். பொதுப் பணத்தைக் கொடுப்போர் பயனை எதிர்பார்ப்பது முறையே. ஆயினும், பயின்று திரும்புவோனை ஊரார் எங்ஙனம் நடத்துவர் என்பதற்கு அவ்வொப்பந்தத்தில் விதி ஏதும் இல்லை. வந்த துன்பம் அனைத்தும் அவ்விடைவெளி வழியே வந்தது.

1913 ஜூலையில் அவர் நியூயார்க் சேர்ந்தார். அங்கே மாணவர் விடுதியில் நவல் பாதேனா என்னும் பார்சி இளைஞர் அவருக்கு நண்பரானார். இப்பெயரை வாசகர் நினைவில் வைக்க. மன்னர் கொடுத்தது நின்ற பிறகு கைகொடுத்தவர் இவரே. உதவித்தொகையிலிருந்து வீட்டுக்கும் ஒரு பகுதி அனுப்ப வேண்டியிருந்ததால், கேளிக்கைக்கும் நல்லுணவுக்கும் மிச்சம் யாதுமில்லை. ஆனால் பாடங்களில் அவர் சிக்கனம் பாராட்டவில்லை. பொருளியலில் மட்டும் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, இவற்றோடு பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளின் தொடக்கப் பாடமும் கற்றார். கொடுத்த காசுக்கு மேற்பட்ட சரக்கைப் பெற்ற மாணவர் எவரேனும் உண்டென்றால் இவரே என்னலாம். 1915-ல் எம். ஏ. தேறினார். 1916 மே மாதம், இந்தியாவில் சாதிகள் தோன்றிய விதத்தைப் பற்றி மானிடவியல் வகுப்பில் ஒரு கட்டுரை படித்தார். பழைய புத்தகக் கடைகளிற் சுற்றி அவர் சேர்த்த நூல்கள் ஏறக்குறைய 2000 என்பர்.

மூன்றாண்டு முடிவதற்குள் அவர் உள்ளம் லண்டனை நாடிற்று. 1916-ல் அங்குச் சென்று, லண்டன் பொருளியற் பள்ளியில் உயர்பட்டங்களுக்கும், கிரேஸ் இன் என்னும் சட்டச் சங்கத்திற் பாரிஸ்டர் படிப்புக்கும் ஒருங்கே பதிந்துகொண்டார். சமஸ்தானம் உதவியைச் சிறிது காலம் நீட்டிற்று. பின்னர்த் திரும்பி வருமாறு பணித்தது. படிப்பு பாதியில் நின்றது. சர்வகலாசாலையார் ஒரு சலுகை காட்டினர்: 1917 அக்டோபரிலிருந்து நான்காண்டுக்குள் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதாம். இச்சலுகையை அவர் முன்னரே கேட்டு வாங்கியதை நாம் மிகவும் பாராட்டுகின்றோம். பணமின்றித் திரும்புவோர் பலர், கதவைச் சாத்திவிட்டே திரும்புகின்றனர். அவர் ஒருக்களித்து வைத்துவிட்டு வந்தார்.

உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர் ஒரு கப்பலிலும் புத்தகங்கள் மற்றொரு கப்பலிலுமாகப் புறப்பட்டன. புத்தகக் கப்பலை ஜெர்மானியர் கடலில் ஆழ்த்திவிட்டனர். இன்சூர் செய்திருந்தமையால் ஏறக்குறைய 600 ரூபாய் கிடைத்தது. பரோடாவுக்குப் போய் வேலையை ஒப்புக்கொள்ளக் கையிற் காசில்லாதிருந்த அவருக்கு அப்பணமே வழிச்செலவாயிற்று. நூல்கள் மூழ்கியதனால் வண்டிச் சத்தம் கிடைத்த விந்தையை வேறெங்கும் நாம் படித்ததில்லை.

பரோடாவில் நிகழ்ந்ததைச் சுருக்கமாகவே கூறுவோம். தங்குவதற்கு எவரும் இடந்தராமையால், பார்சி விடுதியொன்றிற் பார்சிப் பெயரோடு, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். அலுவலகத்திலும் மதிப்பில்லை. பதினோராம் நாட் காலை, தடிகளோடு வந்த பார்சிகள் பன்னிருவர் அன்றே வெளியேறுமாறு அவரை அச்சுறுத்தினர். இந்து நண்பர் ஒருவரிடமும் கிறிஸ்தவ நண்பர் ஒருவரிடமும் அடைக்கலம் வேண்டினார். இருவரும் வீட்டாரைக் காரணங் காட்டி விலகினர். நம்மனோர் இச்செய்தியை விரைந்து கடந்துவிடலாகாது. பூங்கா ஒன்றில் மாலை வரை அமர்ந்திருந்து, இரவு வண்டியிற் பம்பாய் திரும்பினார். பத்தாண்டு ஊழியம் பத்து நாட்களில் முடிந்தது. உதவித்தொகையைத் திருப்பித் தருக என்னும் சமஸ்தானத்தின் கோரிக்கை மட்டும் நெடுநாள் அவரைத் தொடர்ந்து வந்தது.

பம்பாயில் மாணவர் இருவருக்குத் தனியே பாடஞ் சொன்னார். பங்கு வியாபாரிகளுக்கு யோசனை கூறும் தொழிலையும் முயன்றார். அவர் சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர் நின்றுவிட்டனர். 1918 நவம்பரில் சிடனம் கலாசாலையிற் பொருளியற் பேராசிரியராக, மாதம் 450 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். சக ஆசிரியர் சிலர், பொதுப் பானையில் அவர் தண்ணீர் அருந்துவதைத் தடுக்க முயன்றதும் அங்கேதான்.

450 ரூபாய் அந்நாளில் நல்ல சம்பளம். வேறொருவராயின் வசதியான வீடு பார்த்துக் குடிபெயர்ந்திருப்பர். அவரோ பரேலில் இரண்டு சிறு அறைகளிலேயே குடியிருந்து, குடும்பச் செலவுக்கென ஓர் அளவான தொகையை மனைவி ரமாபாயிடம் கொடுத்து, எஞ்சியதை லண்டனுக்கென்று ஒதுக்கினார். நான்காண்டுக் கெடு 1921 அக்டோபரில் முடிவதாயிருந்தது. 1920 மார்ச்சில் வேலையை விட்டு, ஜூலையிற் கப்பலேறினார். சேமிப்போடு, பாதேனா கடனாகத் தந்த 5000 ரூபாயும் கையிலிருந்தது. கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜரும் பொருளுதவி புரிந்தார். இம்முறை எவருக்கும் ஊழியம் எழுதிக் கொடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

லண்டனில் அவர் வாழ்ந்த வாழ்வு கடுமையானது. தங்கிய விடுதியில் காலையிற் கிடைப்பது ஒரு துண்டு ரொட்டியும் ஒரு கோப்பைத் தேநீரும் போல்வன. அதனையுண்டு பிரிட்டிஷ் மியூசியம் நூல்நிலையத்துக்கு நடந்து சென்று, கதவு திறக்கும் வேளையில் உட்புகுவார். மூடும் வேளையில் வெளிவருவார். நண்பகல் உணவு கிடையாது. இரவு நெடுநேரம் படிக்கையிற் பசி மிகுந்தால், நண்பரொருவர் கொடுத்திருந்த அப்பளங்களிற் சிலவற்றைப் பொரித்து, ஒரு கோப்பைப் பாலோடு உண்பார். உடலை இங்ஙனம் வருத்துவதை நாம் எவருக்கும் முறையாக எடுத்துக் கூறோம். பிற்காலத்தில் அவர் உடல் நோய்க்கு இடமாயிருந்ததையும் மறக்கவில்லை.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. அயல்நாட்டிற் பயில்வோனுக்குக் கட்டணமும் உணவும் மட்டுமல்ல, நாணய மாற்றும் ஒரு செலவேயாகும். 1920-ன் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு இரண்டு ஷில்லிங்குக்கு மேற் கிடைத்தது. 1921-ல் அது பதினாறு பென்ஸையொட்டி இறங்கிவிட்டது. இரண்டு ஷில்லிங் விலையில் 5000 ரூபாய் என்பது 500 பவுன். பதினாறு பென்ஸ் விலையிலோ 333 பவுனே. ஊரிலிருந்து ரூபாயை எதிர்நோக்கிய மாணவர் அனைவரும் இவ்வீழ்ச்சியை உணர்ந்தனர். அதே காலத்தில், அதே நகரில், ரூபாயின் மதிப்பு ஏன் இங்ஙனம் ஏறி இறங்குகின்றது என்பதையே தம் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்து எழுதிக்கொண்டிருந்தார் அம்பேத்கர்.

1921 ஜூனில் எம். எஸ்ஸி. பட்டம் பெற்றார். 1922-ல் பாரிஸ்டரானார். உதவி செய்த சாகு மகாராஜர் அவ்வாண்டு மே மாதம் மறைந்தார். ரூபாயைப் பற்றிய ஆராய்ச்சியுரையை 1922 அக்டோபரிற் சமர்ப்பித்தார். 1923 மார்ச்சில், திருத்தி எழுதுமாறு தேர்வாளர் கூறிவிட்டனர். ஆங்கில ஆட்சியைக் குறைகூறிய பகுதிகள் அவர்களுக்கு உவப்பாயில்லை என்பர். லண்டனில் இருந்து திருத்தப் பணமில்லை. ஏப்ரலிற் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பினார், நவம்பரில் டி. எஸ்ஸி. பட்டம் வழங்கப்பட்டது. பாரிஸ்டர் பட்டம் கையிலிருந்தும், வக்கீல் தொழிலுக்குரிய சன்னது பெறப் பணமில்லை. அதனையும் பாதேனாவே கடனாகத் தந்தார்.

இப்பத்தாண்டின் செலவுக் கணக்கில் ஒரு பெயர் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றது. பம்பாயில் அச்சிறு அறைகளில், வந்த சிறு தொகையைக் கொண்டு குடும்பத்தை நடத்தியவர் ரமாபாய். அவர் பெற்ற மக்களிற் பலர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். ரமாபாய் 1935-ல் காலமானார். பின்னர் 1940-ல், பாகிஸ்தானைப் பற்றித் தாம் எழுதிய நூலை அம்பேத்கர் அவர் நினைவுக்கு உரிமையாக்கினார். அவ்வுரிமையுரையில் வறுமை மிக்க அந்நாட்களைக் குறிப்பிட்டுள்ளார். கடல் கடந்து செல்வோன் ஒருவனே செலவு செய்கின்றான் என்று எண்ணுவது பிழை என நாம் கருதுகின்றோம்.

கொலம்பியாவின் டாக்டர் பட்டம் மட்டும் இன்னும் நிலுவையில் இருந்தது. ஆராய்ச்சியுரையை அச்சிட்டுப் பிரதிகளை ஒப்படைத்த பின்னரே பட்டம் அளிப்பது அச்சர்வகலாசாலையின் அக்கால விதி. மாகாண நிதியின் வளர்ச்சியைப் பற்றிய அவரது நூல் 1925-ல் லண்டனில் வெளிவந்தது. அவருடைய ஆசிரியர் செலிக்மன் முன்னுரை எழுதினார். 1927-ல் பட்டம் கிடைத்தது. அந்நூல், கல்விக்குப் புரிந்த உதவிக்கு நன்றியாக, பரோடா மன்னர் சயாஜிராவுக்கே உரிமையாக்கப்பட்டுள்ளது. பரோடாவில் தடியேந்தி வந்தோரையும், பணத்தைத் திருப்பிக் கேட்ட அதிகாரிகளையும், 25 ரூபாய் கொடுத்த மன்னரையும் அவர் ஒன்றாக வைத்து எண்ணவில்லை போலும்.

1942-ல் வைசிராயின் நிர்வாக சபையில் அங்கத்தினரானார். அவ்வாண்டு அக்டோபர் மாதமே ஒரு விண்ணப்பம் எழுதினார். தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர், விஞ்ஞானமும் தொழில் நுட்பமும் பயில ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாயும், பிறநாடு சென்று பயில 1 லட்சம் ரூபாயும் அரசாங்கம் ஒதுக்க வேண்டும் என்று அதிற் கேட்டிருந்தார். அரசாங்கம் தொகை ஒதுக்கிற்று. நாடு விடுதலை பெறுவதற்கு முன்னரே மாணவர் சிலர் அப்பணத்திற் கப்பலேறினர்.